டிடி 214-ன் 17-ஆம் கட்டத்தில் தவறாக ‘ஆம்’ என்று இருந்தால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். ஒரு சகோதரியின் தம்பி அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருடம் பணியாற்றிவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் நல்ல முறையில் வெளியே வந்திருக்கிறார். வெளியேறும் முன் முகாமின் பல் மருத்துவமனையில் பார்த்தபோது, இரண்டு சொத்தைப் பல்லை அடைக்க வேண்டும், ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் எதுவும் நடக்கவில்லை. இப்போது படைவீரர் நலத்துறையில், அதாவது எல்லோரும் விஏ என்று சொல்லும் இடத்தில், பல் பிரிவுக்குப் போனால், “டிடி 214 என்ற உங்கள் டிஸ்சார்ஜ் பத்திரத்தின் 17-ஆம் கட்டத்தில், சிகிச்சை எல்லாம் முடிந்ததா என்பதற்கு ‘ஆம்’ என்று இருக்கிறது, உங்களுக்குத் தகுதி இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். பத்திரத்தை எப்படித் திருத்துவது, திருத்தினால் தம்பியின் பெயருக்கு ஏதாவது கறை வருமா என்று கேட்கிறார்.

கறை எதுவும் வராது. திருத்தவும் முடியும். ஆனால் திருத்தத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. பணியிலிருந்து விடுபட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் பல் சிகிச்சைக்கு விஏவிடம் விண்ணப்பித்தாக வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது என்றால் மீதி இருப்பது இரண்டு மாதத்துக்கும் குறைவு. பத்திரம் திருந்தி வரட்டும், அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய பெரிய நஷ்டம். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகும், கெடுவோ அதற்குள் முடிந்துவிடும். அதனால் இந்த வாரமே விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள்.

போடுவது எப்படி என்றால், விஏ மருத்துவச் சேவைக்கான 10-10ஈஸி படிவம் இருக்கிறது. இணையத்திலும் நிரப்பலாம், நேரில் கொண்டுபோயும் கொடுக்கலாம். அதோடு ஒரு சின்னக் கடிதம் இணைத்து, பணிவிடுப்புக்குப் பிந்தைய ஒருமுறைப் பல் சிகிச்சைக்கு விண்ணப்பிப்பதாகவும், 17-ஆம் கட்டத்தில் உள்ள பதிவு தவறு, அதைத் திருத்தக் கேட்டிருப்பதாகவும் எழுதட்டும். பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையோ, இணையத்தில் வரும் ஒப்புகையோ கட்டாயம் கையில் இருக்க வேண்டும். முன் மேசையில் இருப்பவர் வாயால் “கிடையாது” என்று சொன்னது முடிவு ஆகாது. மறுப்பு என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால்தான் அதன்மேல் முறையீடு செய்ய முடியும். பொதுவாக அதற்கு ஒரு வருட அவகாசம் உண்டு. வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பியதற்கு எந்தத் தடயமும் இல்லை, அதுதான் அதில் உள்ள ஆபத்து.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். டிடி 214 என்பது ராணுவத்தை விட்டு வரும்போது தரும் பத்திரம். வீட்டுக் கடன், படிப்புக்கான உதவி, வேலை என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். அதில் 16-ஆம் கட்டம் மீதமிருந்து பணமாகத் தரப்பட்ட விடுப்பு நாட்கள், 18-ஆம் கட்டம் குறிப்புகள். இரண்டுக்கும் நடுவில் ஒரே வரியில் இருக்கிறது 17. விடுபடுவதற்கு முந்தைய 90 நாளுக்குள் முழுமையான பல் பரிசோதனையும் தேவையான எல்லாப் பல் சிகிச்சையும் அளிக்கப்பட்டனவா என்பது கேள்வி. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சின்னச் சதுரங்கள். நிறையப் பேர் கையெழுத்துப் போடும்போது அதைப் படிப்பதே இல்லை. படித்தாலும், ‘இல்லை’ என்று இருந்தால் ஏதோ குறை, ‘ஆம்’ என்று இருந்தால்தான் நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ‘இல்லை’ என்றால் ராணுவம் தன் கடமையை முடிக்கவில்லை, மீதியை விஏ பார்த்துக்கொள்ளும் என்று பொருள். அந்த வீரரைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. வேலை தருபவர் யாரும் அந்தக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கப் போவதில்லை.

இதற்கான சட்டம் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 38-ஆம் தலைப்பில் 1712-ஆம் பிரிவு. அதில் சொல்லியிருப்பதைக் கவனமாகப் பாருங்கள். ராணுவம் சான்று தர வேண்டியது பரிசோதனைக்கு மட்டும் இல்லை. எக்ஸ்ரேயுடன் கூடிய முழுப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், அந்தப் பரிசோதனையில் தேவை என்று தெரிந்த சிகிச்சை எல்லாம் செய்யப்பட்டிருக்க வேண்டும், இரண்டும் கடைசி 90 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ‘ஆம்’ என்று போடக்கூடாது. உங்கள் தம்பிக்குப் பரிசோதனை நடந்தது, சிகிச்சை நடக்கவில்லை. அப்படியானால் சரியான விடை ‘இல்லை’தான். இதில் வாதத்துக்கே இடமில்லை. ஆவணம் இருந்தால் போதும். இன்னொன்று, கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் சான்று இல்லை என்றுதான் ஆகிறது. அதனால் அப்படிப்பட்டவர்களும் திருத்தத்துக்குக் காத்திராமல் நேராக விண்ணப்பிக்கலாம்.

தவறு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எந்த ஆதாரத்தைத் தேட வேண்டும் என்பதும் புரியும். இந்தப் பத்திரத்தைத் தயாரிப்பவர் பல் மருத்துவர் இல்லை; பணிமாற்ற மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு எழுத்தர். முகாமை விட்டுப் போகும்போது ஒவ்வொரு பிரிவாகப் போய் முத்திரை வாங்கும் தாள் ஒன்று உண்டு. நூலகம், ஆயுதக் கிடங்கு, மருத்துவமனை, பல் மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். பல் மருத்துவமனை முத்திரை குத்துவது, ‘இவர் எங்களிடம் வந்து போய்விட்டார், கணக்கு முடிந்தது’ என்ற அர்த்தத்தில். அந்த முத்திரையைப் பார்த்த எழுத்தர் ‘சிகிச்சை முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு ‘ஆம்’ என்று போட்டுவிடலாம்.

இன்னொரு காரணம், ராணுவத்தில் பல்லை வகுப்பு பிரித்துப் பார்க்கும் முறை. முதல் வகுப்பு என்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. இரண்டாம் வகுப்பு என்றால் சிகிச்சை தேவை, ஆனால் அடுத்த 12 மாதத்தில் அவசரமாக வலி எடுக்கும் வாய்ப்பு குறைவு. மூன்றாம் வகுப்பு என்றால் அந்த அவசரம் வரலாம். நான்காம் வகுப்பு என்றால் பரிசோதனையே பாக்கி. முதல் இரண்டு வகுப்பில் இருப்பவர்களைப் போர்முனைக்கு அனுப்பலாம் என்பதால், கணினித் திரையில் அவர்கள் ‘தயார்’ என்றுதான் தெரிவார்கள். ஆனால் இரண்டாம் வகுப்பில் இருக்கும் ஒருவருக்கு அடைக்காத சொத்தைப் பல் நாலு இருக்கலாம். போருக்குத் தயார் என்பதும் எல்லாச் சிகிச்சையும் முடிந்தது என்பதும் ஒன்றல்ல. உங்கள் தம்பியின் பல் ஆவணத்தில் கடைசியாகப் போட்ட வகுப்பு எது என்று பாருங்கள். இரண்டோ மூன்றோ என்று இருந்தால், 17-ஆம் கட்டம் தவறு என்பதற்கு ராணுவத்தின் கையெழுத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

நாள் கணக்கில் நடக்கும் தவறும் உண்டு. 90 நாள் என்பது முகாமை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, 12-ஆம் கட்டத்தில் உள்ள விடுவிப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ஒருவர் ஜனவரி 10-ஆம் தேதி பல்லைக் காட்டி எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டார், சேர்த்துவைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு மார்ச் 1 அன்று ஊருக்குக் கிளம்பிவிட்டார், பத்திரத்தில் விடுவிப்புத் தேதி ஏப்ரல் 30 என்று வைத்துக்கொள்வோம். முகாமில் பார்த்தால் ஐம்பது நாளுக்கு முன்புதான் பரிசோதனை நடந்திருக்கிறது. ஆனால் சட்டப்படி இடைவெளி 110 நாள். அவருக்கும் ‘இல்லை’ என்றுதான் போட்டிருக்க வேண்டும். உங்கள் தம்பியும் கடைசி விடுப்பில் வந்திருந்தால், இந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிகிச்சை பாக்கி என்பது ஒரு காரணம், 90 நாள் தாண்டியது இன்னொரு காரணம். இரண்டும் இருந்தால் இரண்டையும் சொல்லலாம்.

பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அது பாதகமாகாதா என்ற சந்தேகம் வரும். ஆகாது. கையெழுத்து இருக்கிறது என்பதற்காகத் திருத்தத்தை மறுப்பதில்லை. ‘சரிபார்த்துத்தானே கையெழுத்திட்டீர்கள்’ என்று கேட்கக்கூடும், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஆவணம்.

அந்த ஆவணத்தைச் சேர்ப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. முதலில் டிடி 214-ன் நான்காம் எண் பிரதி. முதல் எண் பிரதி சுருக்கமானது, விடுவிப்பின் தன்மையைச் சொல்லும் பகுதி அதில் இருக்காது; பல இடங்களில் அதை ஏற்கமாட்டார்கள். அடுத்தது பல் ஆவணம். இது பொது மருத்துவ ஆவணத்திலிருந்து தனியாக இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருத்துவ ஆவணம் மட்டும் வந்துவிட்டு, பல் ஆவணம் வராமல் போவது சகஜம். எனவே கேட்கும்போதே பல் சிகிச்சைப் பதிவேடு, எக்ஸ்ரே, சிகிச்சைத் திட்டம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சமீபத்தில் வெளியே வந்தவர்கள் என்றால் ராணுவ மருத்துவத்தின் மின்னணுப் பதிவான எம்எச்எஸ் ஜெனிசிஸில் சில பக்கங்கள் இருக்கும். பணிக் கோப்பைப் படைத்துறையின் மில்கனெக்ட் இணையதளத்திலிருந்து எடுக்கலாம். பழையவர்களுக்கு மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையம்தான் வழி. எஸ்எஃப் 180 என்ற படிவம் அதற்கு. சிகிச்சை ஆவணம் ஏற்கெனவே விஏவுக்குப் போயிருந்தால் அங்கேதான் கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றோடு, தள்ளிப்போன தேதிகளுக்கான குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதுவாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்து செய்யப்பட்டது’ என்று பல் மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டு வரிக் குறுஞ்செய்தி, பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தைவிடப் பலமானது. விடுப்புத் தாள், முத்திரைத் தாள், கூடப் பணியாற்றிய சார்ஜென்ட் யாராவது தெரிந்ததை எழுதித் தந்தால் அதுவும். வெளியே வந்த பிறகு தனியார் பல் மருத்துவரிடம் காட்டியிருந்தால் அவருடைய குறிப்பையும் எக்ஸ்ரேயையும் வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். டிடி 214 என்பது விடுபட்ட அன்று நிலைமை என்னவோ அதைக் காட்டும் பத்திரம் என்பது ராணுவ ஆவணங்களைத் திருத்தும் வாரியங்களின் நிலைப்பாடு. பிறகு வந்த பல்வலியைக் காட்டி அன்றைய பதிவைத் திருத்தமாட்டார்கள். அன்றே சிகிச்சை பாக்கி இருந்தது என்று காட்ட வேண்டும். தனியார் மருத்துவர் எழுதித் தருவதானால், ராணுவம் எடுத்த பழைய எக்ஸ்ரேயையும் பார்த்து, அதே பல், அதே சொத்தை என்று பல்லின் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

ஆவணம் கைக்கு வந்ததும் எங்கே அனுப்புவது? இரண்டு வாசல் இருக்கிறது. முதல் வாசல் நிர்வாகத் திருத்தம். எழுத்துப்பிழை, விடுபட்ட பதக்கம், தவறான குறி போன்ற தெளிவான பிழைகளை அந்தந்தப் படையின் பணியாளர் தலைமையகமே பார்த்துத் திருத்தித் தரும். தரைப்படைக்கு அது கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகம். கடற்படைக்கு டென்னசியில் மில்லிங்டன். விமானப்படைக்கு டெக்சஸில் சான் அன்டோனியோவின் ராண்டால்ஃப். மரைன் படைக்கு வர்ஜீனியாவில் குவான்டிகோ. திருத்தம் ஏற்கப்பட்டால் டிடி 215 என்ற தனித் தாள் வரும். ‘17-ஆம் கட்டம்: ஆம் என்பதை நீக்கி, இல்லை என்று சேர்க்கவும்’ என்கிற மாதிரி அதில் இருக்கும். பழைய டிடி 214-ஐத் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டார்கள். இரண்டையும் ஒன்றாகவே வைத்துக் காட்ட வேண்டும். யாராவது, பேனாவால் நாமே அடித்து எழுதிவிட்டால் என்ன என்று கேட்டால், தயவுசெய்து அந்தப் பக்கமே போகவேண்டாம். நிழலிட்ட பகுதியில் கைவைத்தால் பத்திரமே செல்லாது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது.

இரண்டாம் வாசல் ராணுவ ஆவணத் திருத்த வாரியம். தலைமையகம் மறுத்தால் அல்லது இது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று சொன்னால் அங்கே போக வேண்டும். படிவம் டிடி 149. முதல் வாசலைத் தட்டாமல் நேராக இங்கே வந்தால், அங்கே போய்விட்டு வாருங்கள் என்று விசாரிக்காமலே திருப்பி அனுப்பக்கூடும். அதனால் தலைமையகத்துக்கு எழுதியதையும் அவர்கள் பதிலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்த வாரியங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு சிப்பாயின் ஆவணத்தில் ஒரு தவறைத் திருத்த, அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர் பெயரில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946-ல் நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம் அந்த வழக்கத்தை நிறுத்தி, வேலையைப் படைத்துறைகளின் கையில் கொடுத்தது. இன்றும் வாரிய உறுப்பினர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, குடிமைப் பணியாளர்கள்தான். ஒரு சாதாரணச் சிப்பாய் வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் தன் ஆவணத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை இது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிடி 149-ஐ நிரப்பும்போது பலர் கோபத்தை எல்லாம் அதில் கொட்டிவிடுகிறார்கள். நான்கு வருடம் நாட்டுக்கு உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று ஒரு பக்கம் போகும். அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதைப் படிப்பவருக்குத் தேவைப்படுவது வேறு. என்ன பிழை, எப்படித் திருத்த வேண்டும், எந்தத் தாளில் அதற்கு ஆதாரம் இருக்கிறது என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் சாரம் இந்த மாதிரி இருக்கட்டும்:

‘என் டிடி 214-ன் 17-ஆம் கட்டத்தில் ஆம் என்று உள்ளதை இல்லை என்று திருத்தக் கோருகிறேன். இணைப்பு ஒன்றில் உள்ள பல் பதிவேட்டின்படி, இன்ன தேதியில் நடந்த பரிசோதனையில் இன்ன எண்ணுள்ள இரண்டு பற்களுக்கு அடைப்பும், இன்ன எண்ணுள்ள பல்லுக்கு ரூட் கெனாலும் தேவை என்று குறிக்கப்பட்டது. அதன் பின் விடுவிப்புத் தேதிவரை எந்தச் சிகிச்சையும் பதிவாகவில்லை. இணைப்பு இரண்டில், அளித்த தேதிகள் மருத்துவமனையால் ரத்து செய்யப்பட்டதற்கான செய்திகள் உள்ளன. எனவே தேவையான எல்லாச் சிகிச்சையும் அளிக்கப்பட்டதாக உள்ள பதிவு தவறானது.’

இவ்வளவு போதும். இணைப்புகளில் எண் போட்டு, முக்கியமான வரியை அம்புக்குறியிட்டுக் காட்டினால் படிப்பவருக்கு வேலை மிச்சம். பிழை எப்போது தெரியவந்தது என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கும். தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 1552-ஆம் பிரிவு. தாண்டிவிட்டாலும் நீதியின் நலன் கருதி வாரியம் தாமதத்தை மன்னிக்கலாம். உங்கள் தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, விஏ திருப்பி அனுப்பிய தேதியை எழுதினால் போதும்.

வாரியம் எப்படி யோசிக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அரசு ஆவணம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும் என்ற அனுமானத்தோடுதான் அவர்கள் தொடங்குவார்கள். அது தவறு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை; தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தட்டு இந்தப் பக்கம் சாய்ந்தால் போதும். ஆவணமே இல்லாமல், ‘எனக்குச் செய்யவில்லை’ என்று சொன்னால் மட்டும் பெரும்பாலும் எடுபடாது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தேதி கொடுத்தும் தம்பியே போகவில்லை, அல்லது சிகிச்சை வேண்டாம் என்று சொன்னதாகப் பதிவேட்டில் இருந்தால் கதை கடினமாகிவிடும். அதை மறைக்காமல், பயிற்சிக்குப் போயிருந்தேன், மேலதிகாரி விடவில்லை என்பது போன்ற உண்மையான காரணம் இருந்தால் அதற்கான தாளோடு சொல்ல வேண்டும். படிவத்தில் பொய் எழுதுவது குற்றம்.

எவ்வளவு காலம் ஆகும்? வாரியங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் 90 சதவீதத்தைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதம் தாண்டாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்பு சொன்ன 180 நாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வாரியத்தின் முடிவு வரும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். அதனால்தான் விஏ விண்ணப்பத்தை முதலில் போடச் சொன்னேன். கெடுவுக்குள் விண்ணப்பம் பதிவாகியிருந்து, பின்னால் டிடி 215 வந்தால், அதைப் புதிய ஆதாரமாகக் கொடுத்து மறுபரிசீலனை கேட்க வழி இருக்கும். விண்ணப்பமே இல்லை என்றால், பத்திரம் திருந்தியும் கெடு முடிந்துவிட்டது என்ற பதில் வரலாம். தகுதியைப் பறித்த விடுவிப்பே பின்னால் திருத்தப்பட்டால், அந்தத் திருத்தத் தேதியிலிருந்து 180 நாள் தருவதாகச் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் அது விடுவிப்பின் தன்மை மாறுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. 17-ஆம் கட்டத்துக்கும் அது பொருந்தும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு 180 நாள் ஏற்கெனவே முடிந்திருக்கும். உடனே கைவிட்டுவிடாதீர்கள். பல் சிகிச்சைக்கு உரிமை உண்டு, அதற்கு இந்தக் கெடு என்று விடுபடும்போதே எழுத்தில் விளக்கம் தர வேண்டிய கடமை படைக்கு இருக்கிறது. அதுவும் அதே 1712-ஆம் பிரிவில்தான் உள்ளது. 1993-ல் ‘மேஸ் எதிர் பிரவுன்’ வழக்கில், அந்த விளக்கம் தரப்படவில்லை என்றால் கெடு ஓடத் தொடங்கியதாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்று படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பணிக் கோப்பை வாங்கி, அப்படி ஒரு விளக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று தேடுங்கள். இல்லை என்றால் அதையே வாதமாக வைத்து விண்ணப்பிக்கலாம். பழைய குறிப்புகளில் 90 நாள் கெடு என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 2008-ல் அது 180 நாளாக நீட்டப்பட்டது.

யாருக்கெல்லாம் இந்த ஒருமுறைச் சிகிச்சை கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு பணியாற்றியவர்கள் என்றால் 90 நாளாவது தொடர்ந்து முழுநேரப் பணியில் இருந்திருக்க வேண்டும். அவமதிப்பான விடுவிப்பாக இருக்கக் கூடாது. பல் கோளாறு விடுபடும்போதே இருந்திருக்க வேண்டும். தேசியக் காவல் படையினரும் ரிசர்வ் படையினரும் பணிக்கு அழைக்கப்பட்டு 90 நாள் தாண்டியிருந்தால் அவர்களுக்கும் உண்டு, ஒவ்வொரு முறை விடுபடும்போதும் புதுப் பத்திரம், புதுக் கெடு. தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2009-ல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில், வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்ததால், விசாவில் இருந்த நம் பிள்ளைகள் சிலர் அந்த வழியில் ராணுவத்துக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களுக்கும் இதே விதிதான்.

இது ஒருமுறைச் சிகிச்சை, வாழ்நாள் முழுக்க இலவசப் பல் மருத்துவம் இல்லை. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சொத்தைப் பல்லுக்கு ஊனத் தொகை கேட்டு விண்ணப்பிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சிகிச்சையால் சரியாகும் சொத்தையை விஏ ஊனமாகக் கணக்கிடுவதில்லை. சிகிச்சைக்கான தகுதியைத் தீர்மானிக்க மட்டும்தான் அதைப் பார்க்கும். பணியின்போது அடிபட்டுப் பல் உடைந்தது, தாடை முறிந்தது என்றால் அது வேறு வகுப்பு. அதற்கு 17-ஆம் கட்டமும் வேண்டாம், 180 நாளும் வேண்டாம். 100 சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கும், போர்க்கைதியாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான். எதிலும் சேராதவர்கள் விஏ பல் காப்பீட்டுத் திட்டத்தில் மாதாமாதம் கட்டிச் சேரலாம். இலவசம் இல்லை, ஆனால் ஒரு ரூட் கெனாலும் கேப்பும் அமெரிக்காவில் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இன்னும் பணியில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துக்கு முன் காட்டும் டிடி 214 வரைவில் 17-ஐ விரலால் தொட்டுப் படியுங்கள். சிகிச்சை பாக்கி இருந்தால் ‘இல்லை’ என்று மாற்றச் சொல்லுங்கள். எழுத்தர் தயங்கினால் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் முடியும்.

சகோதரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவர் இருக்கும் கவுன்டியில் படைவீரர் சேவை அலுவலர் என்று ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளிலும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. 10-10ஈஸி போட்ட கையோடு அவர்களில் ஒருவரைப் பார்த்து, தலைமையகத்துக்கான திருத்தக் கோரிக்கையையும், பின்னால் தேவைப்பட்டால் டிடி 149-ஐயும் அவர் முன்னிலையில் எழுதச் சொல்லுங்கள். பல்வலி இப்போதே இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், வெளியே காட்டிக்கொள்ளட்டும். கை வைப்பதற்கு முன் எடுக்கும் எக்ஸ்ரேயின் பிரதியை மட்டும் தேதியோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பல்லை அடைத்துவிட்டால், அது எப்படி இருந்தது என்பதற்கு அப்புறம் அதுதான் சாட்சி.